அரூர் கிளையின் நாலு பேர் டீம்

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் பிறந்த வீட்டிலேயே இருக்கிற பெண்ணிடம் அரூரில் யாரும் நேராக எதையும் கேட்டுவிட மாட்டார்கள். "எப்ப வந்த?" என்று மட்டும் கேட்பார்கள். மணிமேகலை தினமும் காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் பால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், சாயங்காலம் அதே தெரு வழியாகத்தான் திரும்புகிறாள். கேட்கிறவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டும், நேற்றுத்தான் பஸ்ஸில் வந்து இறங்கினவளை விசாரிக்கிற மாதிரி விசாரித்தால் என்னத்தைச் சொல்வது? "இப்பத்தாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

புருஷனோடு சண்டையா என்றால் அதெல்லாம் கிடையாது. நவநீதன் தங்கமான பையன். ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் ஷிப்ட் வேலை, நிரந்தரம் ஆகவில்லை. ஐந்து பையன்களோடு ஒரே அறையில் கிடக்கிறான். அந்த ஒற்றைச் சம்பளத்தில் ஓசூரில் தனி வீடு எடுக்க முடியாது. இவள் இங்கே வேலையை விட்டுவிட்டுப் போனால் இரண்டு பேரும் அந்த ஐந்து பையன்களுக்கு நடுவிலா குடித்தனம் நடத்துவது? இவள் வேலை பார்க்கிற கம்பெனிக்கே ஓசூரில் வட்டார ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அதுவரை நவநீதன் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். கட்டின புருஷன் விருந்தாளி மாதிரி வந்து போனான்.

போன தை மாதம் தம்பி குருவுக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது பெண்ணின் பெரியம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பெரிய பொண்ணு இங்கயேதான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா அரிசி களையும்போது பெருமூச்சு மட்டும் விட்டாள். அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று மணிமேகலைக்கு இருந்தது.

பங்குனியில் ஓசூர் ஆபீஸிலிருந்து கலைவாணன் சார் வந்தார். வெயில் அப்போதே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வேனில் வருகிற பால், அரூர் கிளையில் மிஷினில் குளிர்ந்து டேங்கரில் ஏறுவதற்குள், பாதி நாள் திரிந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் வந்திருந்தார். கையில் மருந்து எதுவும் இல்லை, ஒரு ஆப் இருந்தது. இனிமேல் போனில் பேசுவது, துண்டுச் சீட்டில் எழுதுவது எதுவும் கூடாது. ஆபீஸ் பேச்செல்லாம் ஆப்பில்தான். ஒவ்வொரு கிளையும் அதில் ஒரு புராஜெக்ட் திறந்து, டீம் போட்டு, யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துவிட வேண்டும். முடித்த வேலை பச்சையாகும், நேரம் தப்பினது சிவப்பாகும். எல்லாவற்றையும் அவர் ஓசூரில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

கிளம்பும்போது, காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே ஒன்று சொன்னார். இந்தக் கோடை முடிந்ததும் ஓசூரில் ஒரு ஒருங்கிணைப்பாளர் வேலை போடப் போகிறார்களாம். எந்தக் கிளையின் டீம் நன்றாக நடக்கிறதோ அந்த டீமில் இருந்தே ஒருத்தரை எடுப்பார்களாம்.

அந்த நாற்காலி இதுதான் என்று மணிமேகலைக்குத் தோன்றியது. அரூர் கிளையில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மேனேஜர் மாதவராஜ் அவளைத் திரும்பிப் பார்த்து, "நீயே எல்லாத்தையும் பண்ணிடும்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அந்த விஷயம் அவரைப் பொறுத்தவரை முடிந்தது என்று அர்த்தம்.

அன்றைக்கு மத்தியானமே உட்கார்ந்துவிட்டாள். புராஜெக்டுக்குப் பெயர் கேட்டது. 'வெயில்கால பால்' என்று வைத்தாள். டீமில் யார் யார் என்று கேட்டது. தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமங்களைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் மாரியப்பன், வேன் ஓட்டுகிற மாதேஸ்வரன், பால் குளிரூட்டுகிற மிஷினின் மெக்கானிக் நூர் பாஷா, அப்புறம் அவள். நாலு பேர். எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பால் ஏறியது என்பது மாரியப்பன் வேலை. வண்டி போன நேரம், வந்த நேரம் மாதேஸ்வரன். மிஷின் எத்தனை டிகிரியில் ஓடுகிறது, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்பது நூர் பாஷா. திரிந்த பாலின் அளவு, பால்காரர்களின் புகார், டேங்கர் விவரம், இன்னும் யார் தலையிலும் ஏறாத மிச்சம் மீதியெல்லாம் அவள் பெயரில்.

கட்டி முடித்துப் பார்த்தபோது சும்மா சொல்லக் கூடாது, அம்சமாகத்தான் இருந்தது. சாயங்காலம் மூன்று பேரின் போனையும் வாங்கி ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். எப்படிப் பச்சை போடுவது என்று ஒரு வாரம் பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தாள். மாதேஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனைத் தொட மாட்டேன் என்றான். அது நியாயம். நிறுத்தின பிறகாவது தொடலாமே என்றால் தூக்கம் வருகிறது என்றான். நூர் பாஷா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "கையெல்லாம் கிரீஸும்மா. நீயே போட்டுடேன்" என்றார்.

மாரியப்பன் விஷயம்தான் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஐம்பத்து நாலு வயசு மனுஷன். பால் ஊற்றுகிற ஊர்களில் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. தீர்த்தமலை அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டிருக்கிறது. கண்ணாடி எடுத்துவரவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் கடையே கேட்கும்படி படித்திருக்கிறார்: மணிமேகலை உங்களுக்குக் கொடுத்த வேலையை நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நேற்றுப் பிறந்த பிள்ளையா இப்போது உனக்கு மேஸ்திரி என்று ஒருவர் கேட்டும்விட்டார்.

சாயங்காலம் அவர் கோபமாக வந்திருந்தால் சமாளித்திருக்கலாம். முகம் செத்துப்போய் வந்து நின்றார். இந்த வேலைக்கே மணிமேகலையை மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

"உன்மேல தப்பு சொல்லல கண்ணு. ஆனா எனக்கு இது ஒத்து வராது. நான் தெனம் போன்ல சொல்லிடறேன். என் பேர்ல நீயே போட்டுக்க."

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. அப்பா வயசு ஆளுக்குத் தினமும் பெயரைச் சொல்லி வேலை வைப்பது அவளுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் உண்டு, அதை மறைப்பானேன்? அவளுக்குப் பச்சை வேண்டும். இவர்கள் கற்றுக்கொண்டு பச்சை போடுவதற்குள் கோடை முடிந்து மழையே வந்துவிடும். ஓசூர் போய்விடும். சரி என்றாள். அவர்கள் போனிலிருந்து ஆப்பை எடுத்துவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று பேர் கணக்கையும் மூன்று ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டாள். அவளுடையது அவள் போனில். மாதவராஜ் ஒருநாள் பின்னால் நின்று அந்த மூன்று ஜன்னலையும் பார்த்தார். "பரவால்லயே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மேஜைப் பக்கமே அவர் வரவில்லை.

காலையில் மூன்று பேரும் வரிசையாகப் போன் செய்வார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இவள் மாரியப்பனாகி ஒரு பச்சை, மாதேஸ்வரனாகி ஒரு பச்சை, நூர் பாஷாவாகி ஒரு பச்சை போடுவாள். கொஞ்ச நாளில் கலைவாணன் சாரிடமிருந்து ஒரு குறை வந்தது. மற்றக் கிளைகளில் டீமில் இருப்பவர்கள் ஆப்பில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள், அரூரில் மட்டும் யாருமே வாயைத் திறப்பதில்லையே, ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டிருந்தார்.

அதற்கென்ன, பேச்சும் அவளே எழுதினாள். மாதேஸ்வரன் ரோட்டைத் திட்டுவான். நூர் பாஷா டீசல் கேட்பார். மாரியப்பன் எல்லோருக்கும் நாலு நல்ல வார்த்தை சொல்வார். ஒருநாள் நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று ஆபீஸ் கேட்டைத் திறந்து போட்டது யார் என்பதில் நூர் பாஷாவுக்கும் மாதேஸ்வரனுக்கும் ஒரு சண்டையையே மூட்டிவிட்டாள். மாரியப்பனை விட்டுச் சமாதானமும் செய்துவைத்தாள். மறுநாள் அந்த இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று தங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்துபோனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

சிரிப்பெல்லாம் அந்த ஒரு நாளோடு சரி. மூன்று பேருடைய வேலையையும் பேச்சையும் முடிப்பதற்குள் மணி ஐந்தாகிவிடும். அதற்கு மேல்தான் தன் வேலையைத் தொடுவாள். ஐந்துக்கு மேல் முடித்தால் ஆப் அதைச் சிவப்பாக்கிவிடும். ஆகட்டும் என்று விட்டாள். டீம் பச்சையாக இருக்கிறதே, அது போதாதா?

சித்திரை நடுவில் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. மூன்று பேர் நேரத்தையும் அவளே போடுவதால்தான் பட்டது. வேன் அரூரை ஒட்டிய ஊர்களில் முதலில் பாலை ஏற்றிக்கொண்டு, அந்தப் பாலோடு தீர்த்தமலைப் பக்கம் கடைக்கோடி வரை வெயிலில் போய்த் திரும்பி வருகிறது. விடியற்காலையில் ஏறின பால்தான் திரிகிறது. காலி வண்டியாகக் கடைசி ஊருக்குப் போய், அங்கிருந்து ஏற்றிக்கொண்டே திரும்பினால் எந்தப் பாலும் அவ்வளவு நேரம் காயாது. பக்கத்து ஊர்க்காரர்கள் கொஞ்சம் பிந்திக் கறந்தால் போதும்.

இந்த யோசனையைத் தன் பெயரில் ஆப்பில் போட்டாள். கலைவாணன் சார் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதோடு சரி. மாதேஸ்வரனிடம் நேரில் சொன்னதற்கு, "வண்டி ஓட்டறவனுக்கே ரூட்டு சொல்றீங்களா மேடம்?" என்று சிரித்தான். மாரியப்பனிடம் சொன்னாள். அவர், யோசனை நல்ல யோசனைதான், என் பேர்லயே போடு, அப்போதுதான் மாதேஸ்வரன் கேட்பான் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மாரியப்பனாகப் போட்டாள். அரை மணி நேரத்தில் ஓசூரிலிருந்து மாதவராஜுக்குப் போன் வந்தது. மறுநாளே ரூட்டு மாறியது. வைகாசி பிறந்தபோது திரிகிற பால் ஏறக்குறைய நின்றே போயிருந்தது.

அதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. ஓசூருக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் மாரியப்பன் ஜன்னலைத் திறந்துதான் சொல்வாள். சொன்னால் நடந்தது. அந்த ஜன்னலில் அவள் குரலே மாறிவிடும். தயங்க மாட்டாள், இழுக்க மாட்டாள். டேங்கர் இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும் என்று எழுதினால் வந்தது. மிஷின் ரூமுக்குப் புது ஃபேன் கேட்டால் கிடைத்தது. தன் பெயருக்குத் திரும்பி வரும்போது சட்டையை மாற்றிப் போட்டுக்கொள்கிற மாதிரி கொஞ்சம் கூசியது.

நவநீதன் ஓசூரில் ஒரு வீடு பார்த்துவைத்தான். ஒரு சின்ன ஹால், ஒரு சமையலறை, மாடியில் துணி காயப்போட இடம். வீட்டுக்காரர் ஆனி கடைசி வரை காத்திருக்கிறேன் என்றாராம். படம் அனுப்பியிருந்தான். வேலைக்கு நடுவில் அந்தச் சமையலறை ஜன்னலை அவள் எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்கவே வேண்டாம்.

ஆனியில் முடிவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் அரூர்தான் முதல். மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரில் கலைவாணன் சாரின் செய்தி மேலே எட்டிப் பார்த்தது: வாழ்த்துகள், ஓசூர் ஒருங்கிணைப்பாளர் பணிக்கு உங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். அவ்வளவுதான், மீதியைப் படிக்கவே இல்லை. நவநீதனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"கெடச்சிருச்சா மேகலா?"

அப்போதுதான் அது எந்த ஜன்னல் என்று பார்த்தாள். மாரியப்பன் ஜன்னல்.

"அப்பறம் பேசறேங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அழுகை கூட வரவில்லை. யாரைப் பார்த்து அழுவது? அந்த மாரியப்பனை ஒரு வார்த்தை விடாமல் எழுதினவளே அவள்தானே.

நிஜ மாரியப்பனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சந்தோஷம் துளிக்கூட இல்லை, பயந்துபோயிருந்தார். மாடு கன்று இருக்கிறது, கிணற்றடியில் மஞ்சள் நட்டிருக்கிறது, இந்த வயசில் ஓசூரில் போய் என்ன செய்வது என்று புலம்பினார். வேண்டாம் என்று உடனே எழுதிப் போட்டுவிடச் சொன்னார்.

மணிமேகலைக்கு மூச்சு வந்தது. "அப்ப அந்த எடத்துக்கு என் பேரச் சொல்லட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"தாராளமா சொல்லு. உன்ன விட்டா வேற யாரு இருக்கா?"

எழுதினாள். தனக்குக் குடும்பச் சூழ்நிலை ஒத்துவராது என்றும், இந்த டீமை முதல் நாளிலிருந்து கட்டி நிறுத்தினது மணிமேகலைதான் என்றும், ரூட்டை மாற்றின யோசனை கூட அந்தப் பெண்ணுடையதுதான் என்றும், அவளை அனுப்பினால் கம்பெனிக்கு நல்லது என்றும் மாரியப்பனாக நின்று எழுதினாள். தன்னைப் பற்றித் தானே இவ்வளவு நல்ல வார்த்தை எழுதுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அனுப்பிவிட்டு இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிக நேரம் ஆகவில்லை. பதில் வந்தது. மாரியப்பனிடம் கண்ணாடி இல்லை, அதனால் அவள்தான் வாய்விட்டுப் படித்தாள்.

"உங்க பெருந்தன்மை புரியுது மாரியப்பன். உங்க யோசனையை அடுத்தவங்களுக்கு விட்டுக் கொடுக்கறீங்க. ஆனா அந்த டீம்ல தினமும் சிவப்புல நிக்கறது அவங்க ஒருத்தங்க மட்டும்தான். நீங்க மூணு பேரும் இவ்வளவு வேலை செய்யும்போது அவங்க வேலை ஒருநாள் கூட நேரத்துக்கு முடியல. அவங்களை நம்பி ஓசூரைக் கொடுக்க முடியாது. வேற கிளையில ஆளப் பார்த்துக்கறோம். அவங்க உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே பக்கத்துல வெச்சுக் கத்துக்குடுங்க."

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"நானே சார்கிட்ட சொல்லிடறேன் கண்ணு. எல்லாம் நீ செஞ்சதுன்னு."

சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மூன்று பேர் பெயரில் ஒருத்தி நுழைந்து கோடை முழுவதும் நாடகம் ஆடியிருக்கிறாள் என்பார்கள். நூர் பாஷாவின் ஒப்பந்தம் இந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். மாரியப்பனுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான். மூன்று பேரும் என்ன செய்தார்கள் என்று கேட்டால் போனில் சொன்னார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. எல்லோருக்கும் முன்னால் வேலை போவது அவளுக்குத்தான். அப்புறம் ஓசூரும் இல்லை, அரூரும் இல்லை. வீடு, அம்மா, தெரு மூன்றும்தான் மிச்சம்.

"வேணாங்ண்ணா. வெச்சுடுங்க."

அவர் வைத்துவிட்டார். கொஞ்சம் சீக்கிரமாகவே வைத்துவிட்டார். அதற்காக அவர்மேல் கோபப்படவும் அவளால் முடியவில்லை. போய் வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

பதில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஓசூரிலிருந்து அவருக்கே நேராகப் போன் போய்விடும். மாரியப்பன் ஜன்னலில் எழுதினாள்: சரிங்க சார், நான் பார்த்துக்கறேன். உடனே புராஜெக்டில் ஒரு புது வேலை முளைத்தது. மணிமேகலைக்குத் தினசரிப் பயிற்சி, பொறுப்பு மாரியப்பன். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டது. ஏற்றுக்கொண்டாள்.

மேஜைமேல் கிடந்த அவள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். மாரியப்பன் நாளை முதல் உங்களுக்கு வேலையை நேரத்துக்கு முடிக்கக் கற்றுத் தருவார் என்று வந்திருந்தது. அதற்குக் கீழேயும் ஏற்றுக்கொள்கிறீர்களா என்று இருந்தது. மணி ஐந்தாகப் போனது, இதற்கும் பதில் போடாவிட்டால் அவள் பெயரில் இன்னொரு சிவப்பு விழும். அதையும் ஏற்றுக்கொண்டாள்.